வால்வைத் திருப்பிய கை

செத்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசினார்கள். மாலை நான்கு முதல் ஆறு வரை. மற்ற நாட்களில் அவர்களுக்கு அப்படி என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை.

பேசிய இடம் ஒரு செருப்புக் கடையின் மேல்மாடி. கீழே தள்ளுபடி விலையில் செருப்பு, மேலே முழு விலையில் ஆவி. மூன்று மணிக்கே படிக்கட்டில் வரிசை நின்றுவிடும்.

"என் ஓரகத்திகிட்ட அவ புருஷன் பேசினாராம்."

"என்ன சொன்னாராம்?"

"நிம்மதியா இருக்கேன்னாராம்."

"உங்க ஓரகத்தி இங்கே இருக்காங்கள்ல, அவர் அங்கே நிம்மதியாத்தான் இருப்பாரு."

"சும்மா இருங்க, காதுல விழப்போகுது."

"யார் காதுல?"

"அவர் காதுலதான்!"

இந்த ஏற்பாட்டை நடத்தியவருக்கு ஊர் வைத்த பெயர் பெட்டிச்சாமி. முன்பு கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டவர். உயிரோடிருப்பவர்கள் மைக்கைப் பிடித்தால் விடமாட்டார்கள், வாடகை கேட்டால் மட்டும் ஆளே அகப்படமாட்டார்கள் என்று கண்டு, செத்தவர்கள் பக்கம் தொழிலைத் திருப்பிக்கொண்டார். அங்கே புகார் சொல்ல ஆள் இல்லை.

மேடையில் ஒரு மேசை. மேசையில் ஓர் ஆம்ப்ளிஃபயர், பக்கத்தில் பெரிய ஸ்பீக்கர். ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒரே ஒரு ஒயர் புறப்பட்டு, வெல்வெட் துணிமேல் தட்டையாகக் கிடந்த ஒரு செம்பு வளையத்தில் முடிந்தது. சாப்பாட்டுத் தட்டளவு வளையம். அது வேறு எதையும் தொடவில்லை. தரை முழுக்கச் சிவப்புக் கம்பளம்.

பெட்டிச்சாமி வாரா வாரம் ஆம்ப்ளிஃபயரின் மூடியைக் கழற்றிக் காட்டுவார்.

"நல்லாப் பாருங்க. டேப் இருக்கா?"

"இல்லை" என்பார்கள் நூறு பேர்.

"மைக் இருக்கா?"

"இல்லை."

"போன் இருக்கா?"

"இல்லை." எப்படி இருக்கும்? வாசலிலேயே எல்லார் போனையும் பிடுங்கிப் பையில் போட்டாகிவிட்டதே.

"உள்ளே ஒண்ணும் போகலை. ஆனா வெளியே என்ன வரும்?"

"குரல்!"

சிவப்பு விளக்கு எரியும். ஸ்பீக்கரில் 'உஸ்ஸ்ஸ்' என்று இரைச்சல் கிளம்பும். அது மறு உலகின் மூச்சு என்பார் பெட்டிச்சாமி. ஒயர் பற்றவைக்கும் சால்டரிங் இரும்பைத் தொட்ட எவனுக்கும் தெரியும், அது வால்யூமை முழுக்கத் திருகினால் எந்த ஆம்ப்ளிஃபயரும் விடும் மூச்சு. அந்த இரைச்சலுக்குள்ளிருந்து மெல்ல ஒரு குரல் வரும். கூட்டம் விம்மும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆவிகளுக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் நுழைவதற்கு முன் ஒரு ரோஸ் நிறப் படிவத்தை நிரப்ப வேண்டும். இறந்தவர் ஆணா, பெண்ணா? எப்படி இறந்தார்? உங்களை எப்படி அழைப்பார்? நீங்கள் தற்போது சாப்பிடும் மருந்துகள் எவை? மொத்தம் பதினொரு கேள்விகள். மறு உலகத்திலும் அலுவலகம் இப்படித்தான் நடக்கிறது போலும்.

அந்த வரிசையில் நான்கு வாரமாக நின்றவர்களில் ஒருவர், தண்ணீர்த் துறையில் முப்பது வருடம் வால்வு திருப்பி ஓய்வு பெற்றவர். எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் என்பது அவர் மணிக்கட்டில் இருந்தது. அவருடைய ஒரே மகள் ஒன்பது மாதங்களுக்கு முன் இறந்துபோனாள். மகளைக் கட்டிய மருமகன் ஆம்ப்ளிஃபயர் மெக்கானிக். அவள் போன பிறகும் இருவரும் அதே வீட்டில்தான் இருந்தார்கள். ஏன் என்று இருவருமே யோசிக்கவில்லை. பிரிந்து போவதற்குக்கூட யாராவது ஒருவர் பேச்சை ஆரம்பிக்க வேண்டுமே.

மெக்கானிக் அந்த ஒன்பது மாதமும் ஒரு நாளைக்குச் சுமார் நாற்பது சொற்கள் பேசினான். அதில் முப்பது 'சரி'. மாமனார் பெட்டிச்சாமியிடம் போகிறேன் என்று சொன்னபோதும் 'சரி' என்றுதான் சொன்னான்.

ஒரு சனிக்கிழமை காலை அலமாரியில் ஸ்க்ரூ டிரைவர் தேடியவன் கையில் மாமனாரின் இதய மாத்திரை அட்டை அகப்பட்டது. பன்னிரண்டு நாளாக ஒரு மாத்திரைகூடப் பிரிக்கப்படவில்லை. ஒரு நாள்கூடத் தவறக் கூடாது என்று டாக்டர் மேசையைத் தட்டிச் சொன்ன மாத்திரை அது.

"மாமா, மாத்திரை ஏன் போடலை?"

"ஆமா, இன்னிக்கு வெயில் ஜாஸ்திதான்" என்றார் மாமனார்.

"மாத்திரை மாமா!"

"போயிட்டு வாங்க மாப்பிள்ளை."

இரண்டு வாரமாகவே இப்படித்தான். காதுக்குப் பின்னால் காது மெஷின் இருந்தது, ஆனால் கேட்கவில்லை. மெக்கானிக் அதைக் கழற்றிப் பார்த்தான். பக்கவாட்டில் இருந்த பொடி சுவிட்ச் 'தொலைபேசி' பக்கம் தள்ளியிருந்தது. அந்தப் பக்கம் தள்ளினால் மெஷினின் மைக் தூங்கிவிடும். உள்ளே நெல்மணி அளவுக்கு ஒரு கம்பிச் சுருள், 'காயில்', மட்டும் விழித்திருக்கும். போனைக் காதில் வைத்தால், அதன் காந்தத் துடிப்பைப் பிடித்துச் சத்தமாக்கிக் கொடுக்கும். வீட்டில் பேசுகிற மருமகனிடம் காந்தம் ஏதும் இல்லை.

சுவிட்சைச் சரியாகத் தள்ளி மாட்டிவிட்டான்.

"ஐயோ, ஏன் கத்துறீங்க?" என்றார் மாமனார்.

"மாத்திரை."

மாமனார் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. பெருமையா வெட்கமா என்று பிரிக்க முடியவில்லை.

"அவதான் வேண்டாம்னா. 'அப்பா, மாத்திரையை நிறுத்துங்க, பெட்டித் தண்ணி குடிங்க'ன்னா. ஸ்பீக்கர் மேலே பாட்டிலை வெச்சுத் தர்றாங்க. அதிர்வு ஏறுன தண்ணி."

முப்பது வருடம் ஊருக்கே தண்ணீர் விட்ட மனிதர் பாட்டில் தண்ணீருக்கு வரிசையில் நிற்கிறார். மருமகனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒன்பது மாதமாக எதுவும் வருவதில்லை.

"உங்களுக்கு நம்பிக்கை இல்லை, தெரியும்" என்றார் மாமனார். "ஆனா ஒண்ணு கேளுங்க மாப்பிள்ளை. சாமி பெட்டியை அணைச்ச பிறகும் எனக்கு அவ குரல் கேட்குது. சிவப்பு விளக்கு அணைஞ்சிருச்சு, எல்லாரும் எழுந்து போறாங்க. எனக்கு மட்டும் காதுக்குள்ளே கேட்குது. போன வாரம் தும்மினா. டீல சர்க்கரை வேண்டாம்னா."

மெக்கானிக் கையிலிருந்த அட்டையைக் கீழே வைத்தான்.

"சர்க்கரை வேண்டாம்னாளா?"

"ஆமா."

"உங்க பொண்ணு?"

மூன்று கரண்டி சர்க்கரைக்கு ஒரு சொட்டு டீ ஊற்றிக் குடித்தவள் அவள்.

"செத்தா மாறிடுவாங்க போல" என்றார் மாமனார்.

மெக்கானிக் அந்தப் பொடி சுவிட்சைப் பற்றி யோசித்தான். ஒன்பது மாதத்தில் முதல் தடவையாக அவனுக்கு ஓர் ஆர்வம் தட்டியது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அன்று அவன் தன் கோட்டாவை மீறினான்.

"மாமா, மேட்டுத் தொட்டியில தண்ணி இருக்கு. தொட்டி உயரமா இருந்தா என்ன ஆகும்?"

"இதென்ன கேள்வி? தண்ணி அடிச்சுப் பிடிச்சுக்கிட்டு வரும்."

"அந்த உயரம்தான் வோல்ட். குழாயில ஓடுற தண்ணிதான் கரண்ட். ஆம்பியர்னு அளப்பாங்க. குழாய் ஒல்லியா இருந்தா?"

"கம்மியா வரும். மூணாவது தெருவுல எப்பவும் இதே தகராறுதான்."

"அதுதான் ஓம். ஸ்பீக்கர் பின்னாடி எட்டு ஓம்னு போட்டிருக்கும். நாலு ஓம்னா அதைவிடக் குண்டுக் குழாய். குண்டுக் குழாயா மாட்டினா தண்ணி அதிகம் இழுக்கும், தொட்டி தாங்கணும். ஆம்ப்ளிஃபயர் சூடாகிப் புகையறது இதனாலதான்."

"அட, நம்ம வேலைதானா உங்க வேலையும்?" மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப ஆம்ப்ளிஃபயர்ங்கறது என்ன? தொட்டியா, குழாயா?"

"வால்வு."

மாமனாருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"நீங்க ரெண்டு கையால வால்வைத் திருப்புறீங்க. ஊருக்கே தண்ணி போகுது. அவ்வளவு தண்ணியும் உங்க கையிலிருந்தா வந்துச்சு?"

"தொட்டியிலிருந்து வந்துச்சு. என் கை திறந்துவிட்டுது, அவ்வளவுதான்."

"இதுவும் அப்படித்தான். சுவர் பிளக்கிலிருந்து வர்ற கரண்ட்தான் தொட்டி. மைக்கிலிருந்து வர்ற துளி சத்தம்தான் கை. கை எப்படித் திருப்புதோ அப்படியே பெரிசா ஸ்பீக்கர்ல கொட்டும். பெட்டி தானா எதையும் பேசாது. இப்ப சொல்லுங்க. பெட்டிச்சாமிகிட்ட தொட்டி இருக்கு, வால்வு இருக்கு..."

"திருப்புற கை எங்கே?" என்று முடித்தார் மாமனார்.

"அதேதான்."

மாமனார் மேலே கூரையைப் பார்த்தார். "அங்கே இருக்கு."

"பக்கத்து அறையில இருக்குன்னு நான் சொல்றேன்."

மெக்கானிக் தன் கடைக்குப் போய் ஒரு சின்னப் பெட்டியோடு திரும்பினான். கையடக்கம், பேட்டரியில் ஓடும், சொந்த ஸ்பீக்கர் உண்டு. பழுதான செட்டில் சத்தம் எந்த இடத்தில் தொலைகிறது என்று தேடுவதற்காக அவனே செய்துகொண்டது. அதில் சத்தம் நுழையும் இடத்தில், காது மெஷினில் இருப்பதுபோல ஒரு காயிலைப் பற்றவைத்திருந்தான். கொஞ்சம் பெரிய காயில்.

"பந்தயம் மாமா. நாளைக்கு இதை நீங்களே வெச்சிருங்க. சாமி பெட்டியை அணைச்சதும் இதைப் போடுங்க. உங்க காதுல மட்டும் கேட்டது எல்லாருக்கும் கேட்கும். அது அவளா இருந்தா, நான் சாமி கால்ல விழுந்து கம்பளத்துல உருளுறேன்."

"இல்லேன்னா?"

"மாத்திரை."

மாமனார் பெட்டியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மகள் குரலை ஊரே கேட்கப்போகிறது என்ற சந்தோஷம் அவருக்கு. அதைப் பார்க்க மருமகனுக்குத்தான் முடியவில்லை.

மறுநாள் இருவரும் போனபோது கூடம் நிரம்பி வழிந்தது; வாசலில் போனைத்தான் பிடுங்கினார்கள், சின்னப் பெட்டியைக் கண்டுகொள்ளவில்லை. முதலில் ஒரு தையல்காரருக்கு அவர் அம்மா பேசினாள். முட்டிவலி போய்விட்டதாம். பிறகு பெட்டிச்சாமி கண்ணை மூடிக் கையை உயர்த்தினார்.

"வால்வு ஐயா... உங்க மக வந்திருக்கு."

இரைச்சல். இரைச்சலுக்குள் ஒரு பெண் குரல். "அன்புள்ள அப்பா... நான் இங்கே சுகம்... மருந்து வேண்டாம் அப்பா..."

மாமனார் கண்ணைத் துடைத்தார். வெறும் இரைச்சலுக்குள் எந்தப் பெண் பேசினாலும் அவள் மாதிரிதான் இருக்கும் என்று மருமகனுக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு கணம் அவள்தான் என்று நம்பினான். அந்த ஒரு கணத்தை விற்றுத்தான் இந்த ஆள் பிழைக்கிறான் என்று தோன்றியது. அப்போதுதான், தாமதமாக, அவனுக்குக் கோபம் வந்தது. எழுந்து மேடைக்குப் போனான்.

"ஒரு சின்ன ஆசை சாமி. இந்த வளையத்தை நிமிர்த்தி வெச்சுப் பார்க்கலாமா?"

பதிலுக்குக் காத்திராமல் தட்டையாகக் கிடந்த வளையத்தை விளிம்பில் நிறுத்தினான். குரல் காணாமல் போயிற்று. வெறும் 'உஸ்ஸ்ஸ்'.

படுக்க வைத்தான். "...அப்பா, பெட்டித் தண்ணியை மட்டும் விடாம..."

நிறுத்தினான். 'உஸ்ஸ்ஸ்'.

படுக்க வைத்தான். "...தினம் மூணு வேளை..."

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். "என்னய்யா ஆவி இது? படுத்தாத்தான் பேசுமா?"

"தொடாதே!" பெட்டிச்சாமி பாய்ந்து வந்தார். "ஆவி கோவிச்சுக்குச்சு! நம்பாதவன் மூச்சு பட்ட இடத்துல அது பேசாது!"

சுவிட்சை அணைத்தார். சிவப்பு விளக்கு போயிற்று. போதாதென்று சுவரிலிருந்து பிளக்கையும் பிடுங்கி உயர்த்திக் காட்டினார். "இனிமே ஒரு சத்தமும் வராது. எல்லாரும் எழுந்து போங்க. இவனைக் கேளுங்க, ஏன் கெடுத்தான்னு!"

கூட்டம் மெக்கானிக்கை முறைத்தது. தையல்காரர் சட்டைக் கையை மடித்துவிட ஆரம்பித்தார்.

"வரும் சாமி!" என்று ஒரு குரல் எழுந்தது. மாமனார் எழுந்து நின்றிருந்தார். முகமெல்லாம் பூரிப்பு. "நீங்க அணைச்சாலும் என் பொண்ணு பேசுவா! எல்லாரும் கேளுங்க!"

சட்டைப் பையிலிருந்து சின்னப் பெட்டியை எடுத்து, தலைக்குமேல் பிடித்து, சுவிட்சைப் போட்டார்.

பெட்டி பேசியது. இரைச்சல் இல்லாமல், பளிச்சென்று.

"...அத்தான் ஏன் பாதியில நிறுத்திட்டாரு? அந்தக் காது மெஷின் பெரியவருக்கு இன்னும் ரெண்டு வரி பாக்கி இருக்கே. ஏங்க, அடுத்த ஃபாரத்தை எடுங்க. பச்சைப் புடவையா? அவங்க தங்கச்சிக்கு என்ன வியாதி போட்டிருக்கு?... எழுத்தே புரியலையே, டாக்டர் எழுதின மாதிரி இருக்கு... டீல சர்க்கரை போடலையே? இருங்க, முதல்ல என் பிரஷர் மாத்திரையைப் போட்டுக்கிறேன். அது ஒரு வேளை தவறினாலும் எனக்குத் தலை சுத்திடும்."

விழுங்கும் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது. மடக்.

பச்சைப் புடவை கட்டிய அம்மாள் தன் புடவையைக் குனிந்து பார்த்துக்கொண்டாள்.

மெக்கானிக் நடந்துபோய் மேடைக்குப் பின்னாலிருந்த கதவைத் தட்டினான்.

"யாருங்க?" என்றது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"யாருங்க?" என்றது மாமனார் கையிலிருந்த பெட்டி.

தையல்காரர்தான் கதவைத் தள்ளித் திறந்தார். உள்ளே இன்னோர் ஆம்ப்ளிஃபயர், அதன் முன் ஒரு மைக், ரோஸ் படிவக் கட்டு, டீ தம்ளர், மாத்திரை அட்டை. பெட்டிச்சாமியின் கொழுந்தியாள் தம்ளரும் கையுமாக உறைந்துபோய் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் புருஷன் படிவத்தைத் தலைகீழாகப் பிடித்துப் படிப்பதாகப் பாவனை செய்தான்.

மெக்கானிக் கம்பளத்தின் ஓரத்தைப் பிடித்துக் கிழித்தான். கூடத்தைச் சுற்றி, சுவரை ஒட்டி ஓர் ஒயர் ஓடி அந்த அறைக்குள் போயிற்று.

"அப்ப வளையத்துக்கும் இந்த ஒயருக்கும் தொடர்பே இல்லையேப்பா" என்றார் தையல்காரர். "தொடாம எப்படிச் சத்தம் தாவுச்சு?"

"ஒருத்தர் கொட்டாவி விட்டா எதிர்ல இருக்கிறவருக்கும் வருதே, நடுவுல ஒயரா கட்டியிருக்கு? இந்தச் சுற்றுல கரண்ட் துடிச்சா, உள்ளே இருக்கிற எந்தச் சுருள்லயும் துடிப்பு வரும், மாமா காது மெஷின்லயும்தான். அந்த வளையத்துக்குள்ளே தலைமுடி மாதிரி செம்புக் கம்பி ஆயிரம் சுற்று சுத்தியிருக்கு. முகத்தைத் திருப்பிக்கிட்டா கொட்டாவி தொத்தாது. அதான் நிமிர்த்தினதும் நின்னுபோச்சு."

விளக்கம் கேட்டுக்கொண்டிருந்த கூட்டம் திரும்பிப் பார்த்தபோது பெட்டிச்சாமி இல்லை. செருப்புக் கடை வழியாக ஓடியிருந்தார். வெறுங்காலோடு.

வீட்டுக்கு வந்ததும் மாமனார் தானே தண்ணீர் பிடித்து, தானே அட்டையைப் பிரித்து, மாத்திரையை விழுங்கினார். மடக்.

"படிவத்துல எப்படிக் கூப்பிடுவான்னு கேட்டிருந்தாங்கள்ல" என்றார். "நான் 'அப்பா'ன்னுதான் எழுதினேன்."

மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தான். அவள் ஒரு நாளும் அப்பா என்று கூப்பிட்டதில்லை. 'யோவ் பெரிய மனுஷா' என்றுதான் கூப்பிடுவாள். தெரு முழுக்கக் கேட்கும்.

"அதை வேணும்னேதான் எழுதலை" என்றார் மாமனார். "எழுதாதது வந்தா நம்பலாம்னு."

"நாலு வாரமா வரலையே மாமா."

"வரலை."

"அப்புறமும் ஏன் போனீங்க?"

"அடுத்த வாரம் வருமோன்னுதான்."

மெக்கானிக் எழுந்து இரண்டு தம்ளர் டீ போட்டான். இரண்டிலும் மூன்று கரண்டி சர்க்கரை. டாக்டர் கேட்டால் திட்டுவார். அன்று ஒரு நாள் திட்டட்டும்.

இத்தோடு கதை முடிந்திருக்கும். ஆனால் திங்கட்கிழமை காலை அவன் கடையைத் திறந்தபோது வாசலில் எட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். முன்னால் பச்சைப் புடவை அம்மாள்.

"தம்பி, அவன் பெட்டி பொய்ப் பெட்டி, ஒத்துக்கிறோம். உங்ககிட்ட இருக்கே ஒரு சின்னப் பெட்டி, அது நல்லாத் தெளிவா பேசுச்சு. அதுல என் தங்கச்சி வருவாளா?"

மெக்கானிக் அன்றைய நாற்பது சொற்களை மிச்சப்படுத்தி ஒரு பலகை எழுதி வாசலில் மாட்டினான். இன்னும் அங்கேதான் தொங்குகிறது:

'இங்கே ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கப்படும். உள்ளே எதுவும் போகாத பெட்டியிலிருந்து வெறும் இரைச்சல்தான் வரும். கழுத்துக்கு மேலே இருக்கும் பெட்டிக்கும் இதேதான். அதை இங்கே பழுது பார்ப்பதில்லை. அதன் வால்வு உங்கள் கையிலேயே இருக்கிறது.'